சாயத்துக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்



தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகளில் நம்மவர் கூட்டத்தைப் பார்க்கலாம். சாய வாளி, ரோலர், புட்டி, மணல்தாள் என்று ஆளுக்கொரு கை சாமான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நாற்காலி மேல் நின்று மேல்பகுதியை அடிப்பார். பிள்ளைகள் கீழே நின்று சுவருக்குப் பாதி, சட்டைக்குப் பாதி அடிப்பார்கள். குத்தகையாளருக்குக் கொடுக்கும் கூலி மிச்சம், நம் வீட்டை நாமே அழகுபடுத்தினோம் என்ற மனநிறைவு வேறு. ஆனால் அடுத்த தீபாவளிக்குள் அதே மூலையில் அதே சாயம் கொப்புளித்து உரிந்து நிற்கும். மீண்டும் ஒரு வாளி வாங்கப்படும்.

பாடாங் செராயில் 1980களில் கட்டிய தாமான் வீடு ஒன்றில் இப்படி ஒரு காட்சி நடப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் வாளியைத் திறக்கிறார்.

"ஏங்க, போன வருசமும் இந்த மூலையிலதானே ரெண்டு தடவை அடிச்சீங்க?" என்று மனைவி கேட்கிறார்.

"அது மலிவு சாயம். இந்தத் தடவை நல்லதா வாங்கியிருக்கேன்."

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மா குறுக்கிடுகிறார்: "சாயத்து மேல பழி போடாதப்பா. முதல்ல கூரைய ஏறிட்டுப் பாத்தியா?"

அந்த அம்மாவின் கேள்வியில்தான் இன்றைய பேச்சின் சாரம் முழுவதும் இருக்கிறது. பழைய வீட்டுக்கு முதல் எதிரி நிறம் மங்குவது அல்ல, தண்ணீர்.

முதல் சொந்த வீடு

கெடா தோட்டங்களில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த நம் மக்களுக்குக் குடியிருந்த வீடு சொந்தமாக இருந்ததில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும், கிராணி துரையிடம் சொல்ல வேண்டும். வேலை போனால் வீடும் போகும். எனவே வீட்டைப் பழுது பார்ப்பது நம் வேலை என்ற எண்ணம் வளர இடமே இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டும் மக்கள் பட்டணங்களுக்கு வந்தார்கள். 1980களில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்த உச்சவரம்பு 25,000 ரிங்கிட். 1998-இல்தான் அது இடத்துக்கு ஏற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. சேமநிதிப் பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு, மாதத் தவணை கட்டி வாங்கிய அந்த வீடுதான் பல குடும்பங்களுக்கு இன்றும் இருக்கும் ஒரே சொத்து. அந்த வீடுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. இனி அவற்றை எப்படிப் பராமரிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவது வீடா, பழுதுச் செலவா என்பது முடிவாகும்.

தீபாவளியா, பொங்கலா?

தமிழ்நாட்டில் வெள்ளையடிப்பது பொங்கலுக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர் காய்ந்து, வெயில் வரும் காலம் அது. மலேசியாவுக்கு வந்த நாம் அந்த வேலையைத் தீபாவளிக்கு மாற்றிக்கொண்டோம். பண்டிகைக்கு அது பொருத்தம்தான். கெடா வானிலைக்கு அது பொருந்தவில்லை.

கெடாவில் மழை மிகுதியாகக் கொட்டும் மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். தீபாவளி வருவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். அதாவது, சுவர் ஆண்டிலேயே அதிகமாக ஈரம் குடித்திருக்கும் நேரத்தில்தான் நாம் அதன் மேல் சாயத்தைப் பூசி மூடுகிறோம். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடும்போது சாயத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதுதான் கொப்புளம். சாயக் கம்பெனி அதற்குப் பொறுப்பல்ல.

ஜனவரி, பிப்ரவரி இரண்டும் கெடாவுக்கு வறண்ட மாதங்கள். அதையொட்டித்தான் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் என்பது பால்மரம் வெட்டியவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழுது பார்க்கவும் சாயம் அடிக்கவும் அந்தக் காலமே ஏற்றது. தீபாவளிக்குச் சுவரைத் துடைத்து, திரைச்சீலை மாற்றி, கதவுக்கு மட்டும் பளபளப்புச் சாயம் அடித்தால் போதும். வீடு புதிதாகத்தான் தெரியும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஈரத்துக்கு மூன்று வழிகள் உண்டு: மேலிருந்து கூரை ஒழுக்கு, கீழிருந்து தரை ஈரம், சுவருக்குள் கசியும் குழாய்.

தகரக் கூரையில் சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல. தண்ணீர் சட்டத்தில் ஓடி வந்து வேறிடத்தில் விழும். பெரும்பாலும் ஓட்டை, ஆணி அடித்த இடத்தில்தான் இருக்கும். ஆணிக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றச் சில ரிங்கிட் போதும். புதிய ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அடித்தால் ஒழுக்கை நாமே விலைக்கு வாங்கியதாகிவிடும்.

சுவரின் ஈரத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு முழ அகலத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம், சுவரைப் பார்த்த பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் துளி இருந்தால் அது அறையின் காற்றோட்டக் குறை. சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

சுவர் அடியில் வெள்ளை உப்பு பூத்திருந்தால் தரை ஈரம் ஏறுகிறது என்று பொருள். வெளியே சுவரோடு ஒட்டிக் குவிந்த மண்ணையும் பூந்தொட்டிகளையும் அகற்றி, சாக்கடையைத் துப்புரவாக்கி, உப்பைத் தூரிகையால் உலர்வாகத் தேய்த்து எடுத்துக் காயவிட வேண்டும். பூச்சு உதிர்ந்த இடத்தை ஒட்ட 1 பங்கு சிமெண்டுக்கு 5 பங்கு கழுவிய மணல் போதும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு திரும்பவும் பூக்கும். புதுப் பூச்சு ஏறக்குறைய 4 வாரம் காய்ந்த பிறகே சாயம்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மிகப் பழைய செங்கல் வீடுகளும் கடைவீடுகளும் வேறு வகை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிச் செங்கல்லை அரிக்கும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பக்கத்துப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடங்களைச் சீரமைப்பவர்கள் சுண்ணாம்புப் பூச்சையே நாடுவதற்குக் காரணம் இதுதான்.

பலகை வீடாக இருந்தால் கரையானையும் பார்க்க வேண்டும். சுவரில் விரல் தடிமனில் மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான் பாதை. பலகையைத் திருப்புளிப் பிடியால் தட்டினால் உள்ளே வெறுமையாக ஒலிக்கும். அந்தப் பலகைக்குச் சாயம் அடிப்பது வீண்.

கை வைக்கக்கூடாத மூன்று

நம் வீட்டை நாமே பார்த்துக்கொள்வது நல்லது. எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பது அதைவிட நல்லது.

முதலாவது, கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டாஸ் கூரை. பழைய வீடுகளின் சாம்பல் நிற அலைத்தகடுகளிலும் உட்கூரைப் பலகைகளிலும் இது இருக்கலாம். முழுதாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அறுத்தால், துளையிட்டால், உடைத்தால், பாசி போகக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசு பறக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நோய் உடனே வராது. இருபது, முப்பது ஆண்டு கழித்து வரும். அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. இன்னொன்று, பழைய தகடு மனித எடையைத் தாங்காது. ஏறி நடந்து, தகடு உடைந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கூரையை மாற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

இரண்டாவது, மின்சாரம். பல்பு மாற்றலாம். வயரிங்கைத் தொடக்கூடாது. அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரையே அழைக்க வேண்டும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மீட்டர் பக்கத்துப் பெட்டியில் கசிவு மின்துண்டிப்பான் இருக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். உடனே மின்சாரம் நின்றால் அந்தக் கருவி வேலை செய்கிறது. நிற்காவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும். வெள்ளம் புகுந்த வீட்டில் இன்னும் கவனம் தேவை. 2022 ஜூலை 4-இல் பாலிங் வட்டாரத்தில் வந்த வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டு போனது, வீடுகளைச் சேற்றில் மூழ்கடித்தது. இப்படி நனைந்த வீட்டில் வயரிங்கைச் சோதிக்காமல் சுவிட்சைப் போடவே கூடாது.

மூன்றாவது, சுவரை உடைப்பது. வரவேற்பறையைப் பெரிதாக்க நடுச்சுவரை இடிப்பது பலருடைய ஆசை. அது எடை தாங்கும் சுவரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. வரிசை வீட்டில் இரு பக்கச் சுவரும் அண்டை வீட்டாருக்கும் பொது. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இத்தகைய மாற்றங்களுக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

வெடிப்பு விட்ட சுவரையும் அவசரப்பட்டுப் பூசி மறைக்கக்கூடாது. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், சில மாதங்களில் அது வளர்கிறதா என்று தெரிந்துவிடும். தலைமயிர் அளவு வெடிப்பைப் புட்டி வைத்து மூடலாம். 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தாலோ, கதவு, சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல ஏறினாலோ பொறியாளரைக் கேட்க வேண்டும். மூடா சமவெளியின் களிமண் நிலத்தில் வீடு சற்றே அமர்வது புதிதல்ல.

சாயத்தின் கணக்கு

ஈரம் நின்று சுவர் காய்ந்த பிறகு சாயம் அடிப்பது இன்பமான வேலை. 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. கதவு, சன்னல் கழித்தால் ஏறக்குறைய 400. ஒரு லிட்டர் சாயம் ஒரு தடவைக்குச் சுமார் 100 சதுர அடி வரும். இரண்டு தடவைக்கு 8 லிட்டர் போதும். கணக்கில்லாமல் வாங்கி வீட்டுக்குப் பின்னால் வாளி அடுக்க வேண்டியதில்லை. பூஞ்சை பிடித்த சுவரை 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு குளோரோக்ஸ் கலந்து கழுவிக் காயவைத்துப் பிறகு அடிக்க வேண்டும். அந்தக் கலவையோடு கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சுவாயு கிளம்பும். மிகப் பழைய எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்க வேண்டும். சிறு பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1990-இல் இயற்றப்பட்ட குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டத்தின் கீழ், தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. அங்கே கூரை ஒழுகினால் சொந்தப் பணத்தைப் போட வேண்டாம். எழுத்து மூலம் நிர்வாகத்திடம் சொல்லி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

பாடாங் செராய் வீட்டுக்குத் திரும்புவோம். அந்தக் கணவர் வாளியை மூடி வைத்துவிட்டு, ஏணியை எடுக்கிறார். மனைவி ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். கூரையில் இரண்டு ஆணி வளையங்கள் வெடித்திருக்கின்றன. அவற்றை மாற்றியாயிற்று. அந்தத் தீபாவளிக்கு மூலையில் கறை அப்படியே இருக்கும். வரும் விருந்தாளி ஒருவர் கேட்கவும் கேட்பார். கேட்கட்டும். தை பிறந்ததும் சுவர் காய்ந்திருக்கும், சாயமும் நிற்கும்.