தண்டுவடம் எங்கே முடிகிறது?



மூளையையும் தண்டுவடத்தையும் பற்றிய இவ்வுரையை ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘முதுகுத்தண்டு’ என்று நாம் வழங்கும் சொல் இரு பொருள்களைச் சுமக்கிறது. தடவினால் கைக்குத் தட்டுப்படும் எலும்புத்தொடரும் முதுகுத்தண்டு. அதனுள்ளே மறைந்திருக்கும் மென்மையான நரம்புத் திசுவும் முதுகுத்தண்டு. முன்னதை முதுகெலும்பு என்றும் பின்னதைத் தண்டுவடம் என்றும் பிரித்துரைக்கும் சொற்கள் பாடநூல்களில் உள்ளன; வீட்டுப் பேச்சில் அவை இன்னும் வேரூன்றவில்லை. இது சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய வழக்கன்று.

ஒரு குழந்தைக்குக் கடுங்காய்ச்சல்; கழுத்து விறைத்திருக்கிறது. மூளையுறை அழற்சியோ என ஐயுறும் மருத்துவர், முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்க வேண்டும் என்கிறார். பெற்றோர் நடுங்குகின்றனர். ஊசி தண்டில் பட்டுக் கால் விளங்காமற் போய்விட்டால்? சிலர் மறுத்தும் விடுகின்றனர். அவர்களைப் பழிப்பதற்கில்லை, காதில் விழுந்த சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள் இயல்பானதே.

தண்டுவடம் அஞ்சிக் காக்கத்தக்க உறுப்புத்தான். சுண்டுவிரல் பருமனே உள்ள அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. காலை அசை என்னும் மூளையின் கட்டளை அதன் வழியே இறங்குகிறது. பாதத்தில் முள் தைத்த செய்தி அதன் வழியே ஏறுகிறது. அது வெறும் கம்பியுமன்று. சுடுகலத்தைத் தொட்ட கையை, சூட்டினை மூளை உணருமுன்னரே, தண்டுவடம் தானே பின்னிழுக்கச் செய்துவிடுகிறது. அறுபட்டால் அது மீண்டும் ஒட்டி வளர்வதில்லை.

ஆனால், ஊசி செல்லும் இடத்தில் அது இருக்கிறதா? கருவின் 3ஆம் மாதத்தில் தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்திற்கும் நீண்டிருக்கிறது. பின்னர் எலும்பு விரைந்து வளர, தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. வளர்ந்தவரிடம் அதன் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். இடுப்புப் பகுதியின் 1ஆம், 2ஆம் முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் திரவத்தில் மிதந்து தொங்குகின்றன. உடற்கூற்றியலார் அதற்கு இட்ட பெயர் ‘குதிரைவால்’. பார்த்தவர் வேறு பெயர் இட்டிருக்க மாட்டார்! மருத்துவர் ஊசி செலுத்துவது 3ஆம் 4ஆம் முள்ளெலும்புகளுக்கு இடையில், அல்லது 4ஆம் 5ஆம் முள்ளெலும்புகளுக்கு இடையில். பச்சிளங்குழந்தையிடம் தண்டுவடம் சற்றுக் கீழே முடிவதால் அதற்கேற்பக் கீழிடமே தேர்ந்தெடுக்கப்படும். மிதக்கும் வேர்கள் ஊசிக்குப் பெரும்பாலும் விலகிக்கொடுக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குவிங்கே இம்முறையை 1891இல் வெளியிட்டார்.

மூளை நோய்க்கு முதுகில் ஏன் ஊசி என்று மாணவர் வினவலாம். மூளையைச் சூழ்ந்த மூன்று உறைகளே தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ளன; ஒரே திரவமே இரண்டையும் நனைக்கிறது. மூளையுறையில் புகுந்த கிருமியின் தடயம் இடுப்பருகே கிடைப்பது அதனால்தான். வளர்ந்தவரிடம் இத்திரவம் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர். நாள்தோறும் 500 மில்லிலிட்டர் அளவிற்குப் புதிதாய்ச் சுரக்கிறது. சோதனைக்கு எடுக்கப்படும் சில மில்லிலிட்டர் விரைவில் ஈடாகிவிடும். பின்னர்ச் சில நாள் தலைவலி இருக்கக்கூடும். மண்டையினுள் அழுத்தம் மிகுந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் மருத்துவரே சோதனையைத் தள்ளிவைப்பார்.

தண்டுவடம் இல்லாத இடத்தில் இத்துணை அஞ்சும் நாம், அது இருக்கும் இடத்தில் எவ்வளவு துணிவாக நடந்துகொள்கிறோம்! பள்ளித் திடலில் மாணவன் உயரத்திலிருந்து விழுந்தால் நால்வர் ஓடிச்சென்று கையையும் காலையும் பற்றித் தூக்குகிறோம். உட்காரவைத்து நீர் புகட்டுகிறோம். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அசைக்கும்போது முறிந்த எலும்பே தண்டுவடத்தை நசுக்கக்கூடும். மூச்சை இயக்கும் உதரவிதான நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்துதான் கிளைக்கிறது. ஆகவே மூச்சு நின்றிருந்தாலன்றி, அல்லது கிடக்கும் இடமே ஆபத்தானதாக இருந்தாலன்றி, அவனை அசைக்கலாகாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைத்துவிட்டு, ஒருவர் அவன் தலையை இருகைகளாலும் இருந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, உதவி வரும்வரை அவனோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும்.