காயத்தோடு 66 ஆண்டுகள்: சாம் மானெக்‌ஷா வாழ்க்கையும் நம் வீட்டு ஆவணங்களும்

(முன்னாள் படைவீரர் குடும்பங்களிடையே கள்ளக்குறிச்சியில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

சின்னசேலம், சங்கராபுரம் பக்கமிருந்து வந்திருக்கீங்க. வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து மலை இறங்கி வந்தவர்களும் இருக்கீங்க. பட்டாளத்துக்குப் போன அப்பாவோ, தாத்தாவோ உள்ள வீடுகள்தான் எல்லாம். அதனால், காயம்பட்ட பிறகும் நீண்ட காலம் வாழ்ந்த ஒரு படைவீரரைப் பற்றிப் பேசுகிறேன். நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே அடக்கமானவர், ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா.

அவர் 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் பிறந்த பார்சி. 1942 பிப்ரவரியில் பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியப் படையோடு சண்டை. இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் அவர் உடம்பில் வரிசையாகப் பாய்ந்தன. அப்போது வயது 27. ஊரில் மனைவி சில்லூ, இரண்டு வயதுப் பெண் குழந்தை. பிழைக்க மாட்டார் என்று நினைத்த தளபதி டேவிட் கோவன், தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் பதக்க ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டார். இறந்து போனவருக்கு அந்தப் பதக்கம் கிடைக்காது என்பதுதான் காரணம்.

அவரைத் தூக்கி வந்து காப்பாற்றியது யார் தெரியுமா? அவருடைய உதவியாளரான ஷேர் சிங் என்ற சிப்பாய். டாக்டரிடம் கொண்டு சேர்த்தார். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று சாம் சொன்னாராம். இந்த நிலையிலும் வேடிக்கை பேசுகிறவனைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று டாக்டர் கத்தியை எடுத்தார் என்பார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது 66 ஆண்டுகள். இரண்டாவது மகள் பிறந்ததே அந்தக் காயத்துக்குப் பின்னால்தான். 1969இல் தரைப்படைத் தளபதி ஆனார். 1971 டிசம்பர் போர் 13 நாளில் முடிந்து வங்கதேசம் பிறந்தது. 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் பட்டம் கிடைத்தது. பிறகு குன்னூரில் வீடு, தோட்டம், மனைவி, மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வாழ்ந்தார். 2001இல் சில்லூ காலமானார். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், 94 வயதில் சாமும் காலமானார். உதகையில் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

இனிதான் நமக்கான விஷயம். ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது. ஆயுள் முழுக்க முழுச் சம்பளம் உண்டு. ஆனால் அவருக்கு அது பல ஆண்டுகள் வரவில்லை. 2007இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வந்து அவரைப் பார்த்தார். அதே ஆண்டில்தான் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் நிலுவைத் தொகை அவர் கைக்கு வந்தது. பட்டம் கிடைத்து 34 ஆண்டு ஆகியிருந்தது. சில்லூ அம்மா அதைப் பார்க்க இல்லை.

நாடே அறிந்தவருக்கே இந்த நிலை என்றால், சிப்பாயாக, நாயக்காக இருந்து வந்த நம்ம வீட்டுப் பெரியவர் கதி என்ன? நம் காகிதத்தை நாம்தான் பார்த்துக்கணும். அவர் இருக்கும்போதே பார்த்துக்கணும். போன பிறகு அலைவது வீட்டுக்காரம்மாதான்.

தம்பி, தங்கச்சிகளே, கையில் போன் இருக்கு இல்லையா? இந்த வாரமே நாலு வேலை செய்யுங்க.

முதல் வேலை: டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, காயம் பற்றிய மருத்துவக் குழு சான்று, மூன்றையும் தேடி எடுத்து போட்டோ பிடித்து வையுங்க. காயத்துக்கான ஓய்வூதியம் கேட்க அந்த மருத்துவச் சான்று ரொம்ப முக்கியம்.

இரண்டாவது: ஓய்வூதிய ஆணையிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா பாருங்க. பாட்டியின் பெயர், பிறந்த தேதியையும் பாருங்க. ஓர் எழுத்து மாறினாலும் குடும்ப ஓய்வூதியம் தாமதமாகலாம்.

மூன்றாவது: பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்தில் அவர் கணக்கைத் திறந்து விவரங்களைச் சரிபாருங்க.

நான்காவது: ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று. 'ஜீவன் பிரமாண்', 'ஆதார் ஃபேஸ் ஆர்.டி.' ஆகிய இரண்டு செயலிகள் இருந்தால், முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து பதிவு செய்யலாம். நடக்க முடியாதவரை பஸ் ஏற்ற வேண்டாம். மலையில் சிக்னல் கிடைக்காவிட்டால் பொதுச் சேவை மையத்துக்கு அழைத்துப் போங்க. சந்தேகம் இருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்க.

ஒரு எச்சரிக்கை: ஓய்வூதிய ஆபீசிலிருந்து பேசுறோம் என்று யார் ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லாதீங்க.

அன்று ஷேர் சிங் சுமந்து வந்ததால் ஒரு குடும்பத்துக்கு அப்பா கிடைத்தார். நம்மைத் தோளில் சுமக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.