பேயின் குரலுக்குச் சொந்தக்காரி

உலகிலேயே மிகப் பயங்கரமான பேய்ப்படம் எது என்று எங்கே கேட்டாலும் 'தி எக்ஸார்சிஸ்ட்' என்ற பெயர் வராமல் போவதில்லை. 1973 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவில் வெளியான படம் அது. அதில் அப்படி என்ன பயம் என்று தொடர்ந்து கேட்டால், பெரும்பாலோர் இரண்டு காட்சிகளைச் சொல்வார்கள். ஒன்று, சிறுமியின் தலை முழுச்சுற்றாகத் திரும்புவது. மற்றொன்று, அவள் பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது. கண்ணால் கண்டதுதான் பயமுறுத்தியது என்பது இதிலிருந்து கிடைக்கும் பொதுவான எண்ணம். இந்த எண்ணம் பாதிகூட உண்மை இல்லை. திரும்புகிற தலை பொம்மையுடையது என்பதை இன்றைய பள்ளி மாணவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். ஒப்பனையும் தந்திரக் காட்சிகளும் காலத்தோடு பழசாகிவிட்டன. படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் கரகரத்த குரல் மட்டும் பழசாகவே இல்லை.

பேய்ப்படங்களின் வரலாறு நெடுக இதே கதைதான். 1942இல் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள், பின்னால் காலடியோசை, சிறுத்தை பாயப்போகிறது என்று பார்ப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, 'புஸ்' என்ற சீற்றத்தோடு வந்து நிற்பது ஒரு பேருந்து. அந்த பிரேக் சத்தத்துக்குத் தியேட்டரே துள்ளியது. 1960இல் வந்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கிறீச்சிட வைத்து எழுதிக்காட்டிய பிறகு மனதை மாற்றிக்கொண்டார். 1963இன் 'தி ஹாண்டிங்' படத்தில் பேய் ஒரு முறைகூடத் திரையில் தோன்றுவதில்லை. கதவை இடிக்கும் ஓசை மட்டும் வரும். 2020இல் பிரிட்டனில் ஒரு நிறுவனம் பார்வையாளர்களின் இதயத்துடிப்பை அளந்து பயங்கரப் படங்களுக்குப் பட்டியல் போட்டது. அதில் முதலிடம் பிடித்தது 2012இல் வந்த 'சினிஸ்டர்'. அந்தப் படத்தைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் அதன் பலத்தில் பெரும்பங்கு போய்விடும்.

இதற்குக் காரணம் உடம்பிலேயே இருக்கிறது. பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காதுக்கு இமை கிடையாது. தவிர, திடீர்ச் சத்தம் கேட்டால் மனிதர் யோசிப்பதற்கு முன்பே தோள் குலுங்கிவிடுகிறது. அந்த அனிச்சைச் செயல் ஒரு நொடியின் சிறு பகுதியிலேயே நடந்து முடிகிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த டேனியல் புளூம்ஸ்டைன் என்ற உயிரியலாளர் மார்மட் எனப்படும் மலையணில்களை ஆராய்ந்துவந்தவர். குட்டிகளைப் பிடிக்கும்போது அவை போடும் கூச்சல் ஏன் கேட்பவரை இவ்வளவு கலக்குகிறது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. குரல்நாண் தாங்கும் அளவை மீறிக் கத்தும்போது ஒலி ஒழுங்கு கெட்டு, பிசிறு தட்டி, சிதறுகிறது. ஆபத்தில் இருக்கும் உயிரின் அடையாளம் அது. இதே பிசிறு திரைப்படங்களில் உண்டா என்று அவரும் உடனிருந்தவர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் ஒலித்தடங்களை அலசி, 2010இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பேய்ப்படங்களில் அத்தகைய சிதறிய அலறல்கள் மிகுந்திருந்தன. அறிவியல் இதை அளந்து சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரு பெண் தன் தொண்டையைக் கொண்டு இதைச் செய்துகாட்டியிருந்தாள்.

'எக்ஸார்சிஸ்ட்' படத்தின் முன்கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்ததுதான். 1949இல் வாஷிங்டனுக்கு அருகே வசித்த ஒரு சிறுவனுக்குக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் பேயோட்டினார்கள் என்று 'வாஷிங்டன் போஸ்ட்' செய்தி வெளியிட்டது. அப்போது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த வில்லியம் பீட்டர் பிளாட்டி அதைப் படித்தார். 20 ஆண்டுகளுக்கு மேல் அது அவர் மனதில் ஊறி, 1971இல் நாவலாக வந்தது. சிறுவன் கதையில் 12 வயதுச் சிறுமி ரீகன் ஆனான். படமாக்கும் பொறுப்பு வில்லியம் ஃப்ரீட்கினிடம் வந்தது. ரீகனாக லிண்டா பிளேர், தாயாக எலன் பர்ஸ்டின், மூத்த பாதிரியாராக மேக்ஸ் வான் சிடோ. வான் சிடோவுக்கு அப்போது வயது நாற்பதுகளில்தான். அவரைக் கிழவராக்கியது டிக் ஸ்மித்தின் ஒப்பனைக் கைவண்ணம். நடிகர்கள் மூச்சுவிடும்போது ஆவி தெரிய வேண்டும் என்பதற்காகப் படுக்கையறை அரங்கையே குளிர்பதனப் பெட்டிபோல உறையும் நிலைக்குக் கீழே குளிர்வித்தார்கள்.

படம் வெளியான அந்தக் குளிர்காலத்தில் தியேட்டர்களுக்கு வெளியே நீண்ட வரிசைகள் நின்றன. உள்ளே மயங்கி விழுந்தவர்கள், வாந்தி எடுத்தவர்கள், பாதியில் எழுந்து ஓடியவர்கள் பற்றி நாளிதழ்கள் எழுதித் தள்ளின. படம் பார்த்தபின் மனநல சிகிச்சை தேவைப்பட்ட நால்வரைப் பற்றி 1975இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பார்வையாளர்கள் அதிகம் தடுமாறிய காட்சி என்று படத்தைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவது பேய் வரும் காட்சியை அல்ல, மருத்துவமனைக் காட்சியை. சிறுமியைப் படுக்கவைத்துக் கழுத்தில் ஊசி ஏற்றி மூளையின் இரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கிறார்கள். இரத்தம் பீறிடுகிறது. அடுத்து, எக்ஸ்ரே கருவி 'தடார் தடார்' என்று இடிக்கத் தொடங்குகிறது. நவீன மருத்துவத்தின் அந்தச் சத்தம், பின்னால் வரப்போகும் எந்தச் சாபச் சொல்லையும்விடக் கொடூரமாக ஒலிக்கிறது. அந்தக் காட்சியில் மாயம் எதுவும் இல்லை. ஒரு குழந்தையும் ஓர் இயந்திரமும்தான்.

ஃப்ரீட்கின் காதால் யோசித்த இயக்குநர். லாலோ ஷிஃப்ரின் எழுதிக்கொடுத்த பின்னணி இசையை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். பெண்டெரெட்ஸ்கி போன்றவர்களின் நவீன இசைத் துண்டுகளையும் மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' தொடக்கத்தையும் மிகச் சிக்கனமாகப் பயன்படுத்தினார். மற்ற இடங்களில் அமைதி. அந்த அமைதிக்குள்தான் தொலைபேசி மணி அடித்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது. படத்தின் நடுவே பாதிரியார் காரஸ் ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சிறுமியின் பிதற்றலைக் கேட்கும் காட்சி ஒன்று உண்டு. புரியாத மொழி என்று நினைத்தது தலைகீழாகப் பேசப்பட்ட ஆங்கிலம் என்று தெரியவருகிறது. காட்ட எதுவுமே இல்லாமல், கேட்பதை மட்டும் வைத்துப் பயமூட்டிய காட்சி அது.

சிறுமியின் கழுத்து திரும்பும்போது எலும்பு நொறுங்கும் ஓசைக்காக மெக்சிகோவிலிருந்து கொன்சாலோ கவீரா என்ற ஒலிக்கலைஞரை வரவழைத்தார்கள். அவர் கேட்டு வாங்கியது ஒரு பழைய தோல் பர்ஸ். உள்ளே கடன் அட்டைகள் செருகப்பட்ட அந்தப் பர்ஸை மைக் அருகே பிடித்து முறுக்கினார். கோடிக்கணக்கானவர்களின் தண்டுவடத்தைச் சிலிர்க்கவைத்த சத்தம் அவ்வளவில் உருவானது. கவீராவின் பெயர் படத்தின் டைட்டிலில் இருக்கிறது. இது ஏன் முக்கியம் என்பது அடுத்து வரும் செய்தியில் தெரியும்.

பேய் பிடித்த ரீகனின் வசனங்களைப் படப்பிடிப்பில் லிண்டா பிளேரே பேசி நடித்தார். ஆனால் ஒரு சிறுமியின் குரலில், அதை எப்படி மாற்றிப் பார்த்தாலும், பேய் வரவில்லை. ஆணா பெண்ணா என்று பிடிபடாத குரல் வேண்டும் என்று தேடிய ஃப்ரீட்கினுக்கு, இளமையில் வானொலியில் கேட்ட ஒரு குரல் நினைவுக்கு வந்தது. அது மெர்சிடீஸ் மெக்கேம்பிரிட்ஜ். ஐம்பதுகளின் வயதிலிருந்த நடிகை. 'ஆல் த கிங்ஸ் மென்' படத்துக்காகச் சிறந்த துணைநடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். அதற்கும் முன்பே சிகாகோவில் கல்லூரி மாணவியாக இருந்தபோதே வானொலி நாடகங்களுக்குள் வந்தவர். நள்ளிரவுத் திகில் தொடர்களில் அலறியும் முனகியும் பழகியவர். உலகின் தலைசிறந்த வானொலி நடிகை என்று ஆர்சன் வெல்ஸ் அவரைப் பாராட்டியிருக்கிறார். முகம் தெரியாத இருட்டில் குரலை மட்டும் வைத்து ஒரு ஊரையே எழுப்பிக்காட்டும் கலையில் வளர்ந்த தலைமுறை அது. தொலைக்காட்சி வந்தபின் அந்தக் கலைக்கு வேலை குறைந்துபோனது.

மெக்கேம்பிரிட்ஜ் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு செய்தவற்றைக் கேட்டால் நடுக்கம் வரும். பச்சை முட்டைகளை விழுங்கினார். அடுத்தடுத்து சிகரெட் பிடித்தார். குடிப்பழக்கத்தோடு பல ஆண்டுகள் போராடி மீண்டவர் அவர். அதைப் பற்றி 1969இல் அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன்பு வெளிப்படையாகச் சாட்சியம் சொன்னவர். அப்படிப்பட்டவர் இந்தக் குரலுக்காக விஸ்கியைக் கையில் எடுத்தார் என்று ஃப்ரீட்கின் பின்னாளில் விவரித்திருக்கிறார். கத்தோலிக்கராகவே வளர்ந்தவர் என்பதால், ஆறுதலுக்குப் பாதிரியார்களை உடன் வைத்துக்கொண்டார். கட்டிலில் கட்டப்பட்ட சிறுமியின் திணறல் குரலில் வர வேண்டும் என்று, கிழித்த படுக்கை விரிப்புகளால் தன்னை நாற்காலியோடு கட்டச்சொன்னார். சிறு வயதிலிருந்தே இருந்த மூச்சுக்குழல் நோயின் இழுப்பைக்கூட வீணாக்கவில்லை. ஒரே தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஓசைகள் எழும்பின: கீழே ஓர் உறுமல், மேலே ஒரு விசில் போன்ற இழுப்பு, நடுவில் சொற்கள். வாந்தி எடுக்கும் ஓசைகூட முட்டையையும் நசுங்கிய ஆப்பிளையும் விழுங்கி அவரே உண்டாக்கியது. தொண்டை புண்ணாகும்வரை இது நடந்தது.

படம் தயாரானது. மெக்கேம்பிரிட்ஜ் பார்த்தார். இறுதியில் பெயர்கள் ஓடின. எல்லார் பெயரும் வந்தது; அவர் பெயர் வரவில்லை.

பெயர் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்றார் அவர். மாயம் கலைந்துவிடக்கூடாது என்று முதலில் அவரேதான் பெயர் வேண்டாமென்றார் என்றார் ஃப்ரீட்கின். ஃப்ரீட்கின் சொன்னதையே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், மெக்கேம்பிரிட்ஜ் கேட்ட அன்றே பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். பர்ஸை முறுக்கியவருக்குப் பெயர் உண்டு என்றால், தொண்டையை முறுக்கியவருக்கும் உண்டு. அவர் சும்மா இருக்கவில்லை. 1974 ஜனவரியில் விவகாரம் 'நியூயார்க் டைம்ஸ்' வரை போனது. நடிகர் சங்கமும் துணைக்கு வந்தது. பிறகு வந்த பிரதிகளில் நடிகர் பட்டியலின் கடைசியில் 'மற்றும் மெர்சிடீஸ் மெக்கேம்பிரிட்ஜ்' என்ற வரி சேர்ந்தது. இன்று கிடைக்கும் பிரதிகளில் அது இருக்கிறது. என்ன வேடம், என்ன பணி என்று அந்த வரி சொல்வதில்லை.

இந்தச் சண்டையில் வேறொருவரும் அடிபட்டார். லிண்டா பிளேர் சிறந்த துணைநடிகைக்கான ஆஸ்கர் பட்டியலில் இருந்தார். பேயின் குரல் அவருடையது இல்லை என்று தெரிந்ததும், பாதி நடிப்புக்கு எப்படி விருது என்ற பேச்சு கிளம்பியது. விருது 'பேப்பர் மூன்' படத்தில் நடித்த 10 வயது டேட்டம் ஓ'நீலுக்குப் போனது. அதை இந்தப் பேச்சுத்தான் தீர்மானித்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிளேர்மீது விழுந்த பழி கொஞ்சமும் நியாயமில்லாதது. மணிக்கணக்கில் ஒப்பனைக்கு உட்கார்ந்ததும், உறையும் அறையில் மெல்லிய இரவு உடையோடு படுத்திருந்ததும், உடம்பை ஆட்டிய இயந்திரத்தில் முதுகு அடிபட்டதும் அந்தச் சிறுமிதான். குரல் மாற்றத்தை மறைக்கும் முடிவை எடுத்தவள் அவள் இல்லை. பெரியவர்கள் முதலிலேயே உண்மையைத் திரையில் எழுதியிருந்தால், ஒருவர் உடலும் ஒருவர் குரலுமாகச் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம் என்று இருவருமே பாராட்டப்பட்டிருப்பார்கள்.

1974 ஏப்ரல் 2 அன்று ஆஸ்கர் விழா நடந்தது. சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம்பெற்ற முதல் பேய்ப்படம் 'எக்ஸார்சிஸ்ட்'. 10 பரிந்துரைகளில் இரண்டு விருதுகள் கிடைத்தன. ஒன்று, பிளாட்டியின் திரைக்கதைக்கு. மற்றொன்று, ஒலிக்கு, அதை ராபர்ட் நட்சனும் கிறிஸ் நியூமனும் வாங்கிக்கொண்டார்கள். திறமைசாலிகள், தகுதியான விருது. அந்த ஒலியின் நெஞ்சாக இருந்த குரலுக்குச் சொந்தக்காரி எந்தப் பட்டியலிலும் இல்லை. மெக்கேம்பிரிட்ஜ் 2004 மார்ச்சில் கலிபோர்னியாவில் காலமானார். குரல் நடிப்புக்கென்று ஒரு விருது ஆஸ்கரில் 1974இல் இல்லை, இன்றும் இல்லை.