நகர மறுக்கும் கணினி

சில காலத்துக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பாடசாலை கலைந்து பிள்ளைகள் வீடு சென்ற பின்னர், எமது அலுவலகக் கணினியின் முன் ஆசிரியை ஒருவர் கவலையோடு அமர்ந்திருக்கக் கண்டேன். திரையிலே சிறு வட்டமொன்று சுழன்றுகொண்டிருந்தது. “சேர், புதிய பதிப்புக்கு மாற்றப் பார்க்கிறேன். இரண்டு தரம் பாதிவழியில் நின்று பழையபடியே திரும்பி வந்துவிட்டது. இது மூன்றாந் தரம். மின்னை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கட்டுமா?” என்று கேட்டார். அந்தக் கணினியிலேதான் பல ஆண்டுகளின் புள்ளிப் பட்டியல்களும் விடுகைப் பத்திரங்களின் பிரதிகளும் இருந்தன. அவற்றுக்கு வேறொரு பிரதி எங்கும் இல்லை. “வேண்டாம் ரீச்சர், பொறுங்கள்” என்றேன்.

நான் கலைப் பட்டதாரி. இயந்திர நூல் கற்றவன் அல்லேன். ஆயினும் அன்று தொடங்கிச் சில நாட்களில் நாங்கள் கற்றுக்கொண்டவை பிற பாடசாலைகளுக்கும் இல்லங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளை எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று அழைக்கின்றன. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10 என்னும் முறைமை 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன் பின்னரும் அக்கணினி இயங்கும். ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழமைபோல் வந்துசேரா. ஆகவேதான் பலரும் 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாற முனைந்தனர். முனைந்தவர்களிற் பலர் வழியிலே தடைப்பட்டனர்.

கோப்பாயிலோ இன்னுவிலிலோ தோட்டஞ் செய்யும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இறைப்பு இயந்திரம் நீரெடுக்க மறுத்தால் அவர் அதனை அடித்து உடைப்பதில்லை. எண்ணெய் உண்டா, குழாயிற் காற்றுப் புகுந்ததா, கிணற்றிலே நீர் இறங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நோயின் முதற்காரணத்தை அறிந்த பின்பே மருந்து என்பது வள்ளுவர் காட்டிய வழியன்றோ? கணினியும் காரணமின்றி நிற்பதில்லை. திரையிலே அது காட்டும் வாசகத்தையும், எண்ணும் எழுத்தும் கலந்த குறியீட்டையும் முதலில் ஒரு தாளிலே குறித்துக்கொள்ளுங்கள். வட்டம் சுழல்கையில் வன்தட்டின் சிறு விளக்கு மினுங்குமாயின் வேலை நடைபெறுகிறது என்று கொள்ளலாம். சில மணி நேரம் பொறுத்திருத்தல் தவறன்று. இடையிலே மின்னைத் துண்டித்தால் முறைமை முற்றாகவே எழாமற் போகவும் கூடும். மின்வெட்டு நேரிடலாம் என்று அஞ்சும் நாளில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே நன்று.

ஆனால், எல்லாவற்றுக்கும் முந்திய கடமை ஒன்றுண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, எத்தனையோ வீடுகளின் பத்திரங்களும் பாடசாலைகளின் இடாப்புகளும் அழிந்து போயின. பிறப்புச் சான்றும் பரீட்சைச் சான்றும் இழந்து அலைந்த பிள்ளைகளை எனது தலைமுறை நன்கு அறியும். அன்று எமக்கு அவகாசம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. ஆகவே மாற்றத்தைத் தொடங்குமுன் ஆவணங்கள் யாவற்றையும் வேறொரு வன்தட்டிலே பிரதி செய்து, அப்பிரதி திறக்கின்றதா என்று மற்றொரு கணினியிற் சோதித்துப் பாருங்கள். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆவணங்கள் இருப்பின், அந்த எழுத்துருவையும் உடன் எடுத்து வையுங்கள். அஃதின்றேல் தமிழ் வாசகம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும்.

இனி, தடைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நாமே நீக்கக்கூடியது. வன்தட்டிலே வெற்றிடம் போதாமை, பழைய வைரஸ் தடுப்பு மென்பொருள், காலங்கடந்த சாதனச் செலுத்தி ஆகியன இவ்வகையின. சாதனச் செலுத்தி என்பது அச்சுப்பொறி போன்ற கருவியோடு முறைமையைப் பேச வைக்கும் சிறு மென்பொருள். வேண்டாதவற்றை அகற்றி, விசைப்பலகையும் சுட்டியும் தவிர்ந்த வெளிக்கருவிகளைக் கழற்றி வைத்து மீண்டும் முயலலாம்.

இரண்டாவது, பூட்டியிருக்கும் கதவு. விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியையும், பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதியையும் கேட்கிறது. பல கணினிகளில் இவை உள்ளன, ஆனால், அணைக்கப்பட்டிருக்கின்றன. கணினி எழும் வேளையில் அதன் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குச் சென்று இவற்றை இயக்கலாம். வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், மீட்புத் திறவுகோலை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். பழைய முறையிற் பிரிக்கப்பட்ட வன்தட்டாயின், அறிந்தவர் ஒருவரின் துணையின்றி இப்பக்கத்திலே கை வைக்கலாகாது.

மூன்றாவது, முதுமை. நான்கு கிகாபைற்று நினைவகமும் அறுபத்துநான்கு கிகாபைற்று வன்தட்டும் இருந்தாலும், இன்ரெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டப்படுகிறது. இத்தகுதி உண்டா என்று சொல்லும் சோதனை மென்பொருளை மைக்ரோசொப்ட் இலவசமாகவே தருகிறது. தகுதியில்லை என்று அது சொன்னால், குறுக்கு வழி தேடி வற்புறுத்தாதிருப்பதே நலம். இன்று ஏறினாலும், பின்வரும் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் அதனாலேயே கணினியைக் குப்பையில் எறியவும் வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையின் இலகுவான பதிப்பொன்றை நிறுவினால், கட்டுரை எழுதவும் அட்டவணை இடவும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

எமது அலுவலகத்தில் நடந்தது யாதெனில், எவரும் பயன்படுத்தாத பழைய வருடியொன்றின் செலுத்திதான் தடையாக இருந்தது. வட்டம் சுழன்று ஓய்ந்து, கணினி மூன்றாந் தரமும் பழைய நிலைக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்தோம். அதன் பின்னர் ஆவணங்களை இரண்டு பிரதிகளாக எடுத்து, ஒன்றை இரும்பு அலுமாரியிற் பூட்டினோம். மறுநாள் அச்செலுத்தியை அகற்றியதும் மாற்றம் தடையின்றி நிறைவேறியது. கணினி அறையிலிருந்த முதிய கணினி ஒன்று தகுதி பெறவில்லை. அதிலே இப்போது லினக்ஸ் இயங்குகிறது; ஆறாந் தரத்துப் பிள்ளைகள் அதிலே தமிழ் தட்டச்சுப் பழகுகிறார்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்று மாலை அந்த ஆசிரியை மின்னைத் துண்டித்திருந்தால், எந்தப் பிள்ளையின் விடுகைப் பத்திரம் தொலைந்திருக்குமோ யாரறிவார்! உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ கணினி நகர மறுக்கும்போது, முதலிற் பிரதியை எடுங்கள். பிறகு அது சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்.