மாணவர் படையும் வருகை விதியும்
(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தேசிய மாணவர் படையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்க நிர்வாகிகள் எனக்குக் கட்டளையிட்டனர். அப்படையின் பெருமையை அடுக்கிச் சொல்லுதல் எளிது. ஆயினும், அதிற் சேர்ந்த பிள்ளைகளிற் சிலர் அதன் பயனை அடையாது போவதற்குக் காரணமாயுள்ள ஒரு விதியைப் பற்றி மாத்திரமே இன்று பேசக் கருதுகின்றேன். அது வருகை விதியாம்.

முதலில் இப்படையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். 1917ஆம் ஆண்டில் சர்வகலாசாலைப் படை என்னும் பெயரால் இம்முயற்சி நம் தேசத்தில் தொடங்கிற்று. 1946இல் பண்டித குன்ஸ்ரு அவர்களின் தலைமையில் ஒரு குழு ஏற்பட்டு இவ்விஷயத்தை ஆராய்ந்தது. அதன்பின் 1948இல் சட்டம் இயற்றப்பட்டுத் தேசிய மாணவர் படை தோன்றிற்று. 1949இல் பெண்மக்களுக்கும் பிரிவு ஏற்பட்டது. 1962ஆம் ஆண்டுச் சீன யுத்தத்திற்குப் பின்னர், 1963இல் கலாசாலை மாணவர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. ஆகவே இன்று இதிற் சேர்பவர் எவரும் பிறர் வற்புறுத்தலாற் சேர்கின்றாரல்லர். தம் மனமொப்பியே சேர்கின்றனர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

இனி விதியைக் கூறுவேன். 'ஏ', 'பி', 'சி' என மூவகை நற்சான்றுப் பத்திரங்கள் உண்டு. 'ஏ' பள்ளி மாணாக்கருக்குரியது. 'பி', 'சி' என்பன கலாசாலை மாணாக்கருக்குரியன. இவற்றிற்குரிய பரீட்சைகளில் அமர விரும்புவோர், பாடத்திட்டத்தில் வகுத்த பயிற்சி வேளைகளில் 100க்கு 75க்குக் குறையாமல் வந்திருத்தல் வேண்டும். அன்றியும், முகாம் வாசமும் செய்திருத்தல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறையினும், எவ்வளவு வல்லவனாயினும் அவனுக்குப் பரீட்சை மண்டபத்தில் இடமில்லை.

இவ்விதி கடுமையானதென்று சிலர் குறை கூறுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஆண்டில் நாற்பது நாட் பயிற்சி நடைபெறுவதாகக் கொள்வோமாயின், பத்து நாள் வராதிருக்க விதியே இடங்கொடுக்கின்றது. காய்ச்சலும், எதிர்பாராத துக்கமும், தவிர்க்கவொண்ணாத பிரயாணமும் அப்பத்து நாட்களுள் அடங்கிவிடும். ஆனால் நிகழ்வது யாது? மாமன் மகள் கலியாணத்திற்கு இரண்டு நாள். குலதெய்வப் பொங்கலுக்கு இரண்டு நாள். தனிப்பாடம் கேட்பதற்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் எழுந்திருக்க மனமில்லாமல் மூன்று நாள். பத்தும் இவ்வாறு செலவான பின்பு உண்மையாகவே நோய் வந்தால், அப்பிள்ளை எங்கே போவான்? நோய்க்கென்று வைத்த முதலை விருந்திற் செலவழித்துவிட்டு, விதியைக் குறை கூறுதல் முறையாகுமா?

கவாத்து என்பது வீட்டிலிருந்து புஸ்தகம் படித்துக் கற்கும் வித்தையன்று. ஊர் கூடி இழுக்கும் தேர் போன்றது அது. வடம் பிடிக்க வராதவன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து இழுத்தேன் என்று சொல்லுதல் கூடுமோ? மூன்று வரிசையாய் நிற்கும் அணியில், கட்டளை பிறந்த கணத்தில் அனைவர் காலும் ஒன்றாகப் பெயர வேண்டும். பல வாரம் விட்டு வந்த ஒருவன் அரைக்கணம் பிந்துவானாயின், ஒழுங்காக வந்த அனைவர் உழைப்பும் பழுதாகும். துப்பாக்கி பிடிக்கும் பயிற்சியிலோ, பாதுகாப்பு முறைகளைக் கேளாதவனால் அருகிலிருப்பவனுக்கே அபாயம் உண்டாகும். ஆதலால் வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கை வெறும் எழுத்துக் கணக்கன்று. தோழனுக்குச் செலுத்த வேண்டிய கடனின் கணக்காகும்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு கலாசாலைக்கும் இத்தனை பேர் என்று அளவுண்டு. ஆசைப்பட்டும் இடம் கிடையாமற் திரும்பிய ஏழைப் பிள்ளைகள் உளர். உடுப்பைப் பெற்றுக்கொண்டு பயிற்சிக்கு வாராதவன், தானும் உண்ணாமல் பிறனையும் உண்ணவொட்டாமல் இலையை மறித்துக்கொண்டிருப்பவனை ஒப்பான். மேற்கூறியவாறு அவன் தன் மனமொப்பிச் சேர்ந்தவனாதலின், அக்குற்றம் இரட்டிப்பாகின்றது. வாராதவனை வந்தவனாக எழுதுவித்துக்கொள்ளும் தந்திரமோ இதனினும் இழிவு. ஒழுக்கம் கற்கச் சென்ற இடத்தில் பொய்யைக் கற்றுத் திரும்புதல் என்ன பயன் தரும்?

இதனால் இழப்பதும் சிறிதன்று. 'சி' பத்திரத்தில் 'பி' தரத்திற்குக் குறையாது தேறி, பட்டப் பரீட்சையில் 100க்கு 50 பெற்று, ஏனைய தகுதிகளும் உடையோர், எழுத்துப் பரீட்சையின்றியே ராணுவ அதிகாரிகளுக்கான நேர்முகத் தேர்விற்கு விண்ணப்பிக்கும் வழியொன்று உண்டு. இது பெண்மக்களுக்கும் திறந்திருக்கின்றது. படையிற் சேர்ந்தோர் பின்னர் யுத்தத்திற்குச் சென்றே தீரவேண்டும் என்னும் அச்சம் சில தாய்மாருக்குண்டு. அவ்வாறான கடமையைச் சட்டம் மாணவர்மேற் சுமத்தவில்லை.

பெற்றோர்களே! பிள்ளைகள் தவறுவதிற் பாதி நம்மால் நேர்வது. ஆண்டின் தொடக்கத்திலேயே பயிற்சி நாட்களையும் முகாம் நாட்களையும் கேட்டறிந்து, வீட்டு நாட்காட்டியிற் குறித்துவையுங்கள். முகூர்த்தம் பார்க்கும்போது அதனையும் ஒருமுறை பாருங்கள். பிள்ளை நோயுற்றால், அன்றைக்கே அதிகாரிக்கு எழுதித் தெரிவியுங்கள். மாதம் கழிந்தபின் சிபாரிசு தேடி அலையாதீர்கள்.

வாலிபர்களே! உங்கள் பெயர் அழைக்கப்படும் வேளையில் அவ்விடத்தில் நின்று விடைகூறுதல் சிறு செயலாகத் தோன்றலாம். சொன்ன சொற்படி, சொன்ன வேளையில், சொன்ன இடத்தில் நிற்பவனை நம்பியே குடும்பமும் தொழிலும் தேசமும் நடைபெறுகின்றன. அப்பழக்கத்தை இப்பருவத்திலேயே கைக்கொள்வீர்களாக.