நகர்த்திய புள்ளி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம பௌதிக லேபில் ஊசல் பரிசோதனை. கிராஃப் தாளில் ஐந்து புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. ஆறாவது விலகி நின்றது. ரப்பரால் அழித்து அதையும் கோட்டின் மேலேயே வைத்துவிட்டேன். சார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அழித்த தடம் தெரிந்தது. "ஏல, புள்ளிய ஏம்ல நவுத்துன? கோடுல்லா புள்ளி பின்னால வரணும்?" என்றார். மார்க் கிடைக்கவில்லை.

ஆராய்ச்சிக்குப் போன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. விலை உயர்ந்த மென்பொருள், அதுவும் காசு கொடுக்காமல் நகலெடுத்தது. மவுஸால் இழுத்து இழுத்துப் படம் போட்டேன். கட்டுரையைப் பரிசீலித்தவர், மூன்றாவது படத்தில் பிழைக்கோடுகள் எங்கே என்று கேட்டார். எந்த ஃபைலில் இருந்து போட்டேன் என்பதே ஞாபகமில்லை! நாலு நாள் உட்கார்ந்து மறுபடி போட்டால், பழைய வளைவு வரவில்லை. முன்பு ஒரு வரிசை எண்களையே விட்டிருக்கிறேன். கட்டுரையின் முடிவையே மாற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் நூப்ளாட்டுக்கு வந்தேன். 1986-இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி இருவரும் வெளியிட்டது, இலவசம். அச்சு, அலகு, பிழைக்கோடு எல்லாவற்றையும் கட்டளைகளாக எழுதி வைத்துவிடலாம். ஆறு மாதம் கழித்து ஓட்டினாலும் அதே படம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு மேட்பிளாட்லிப். ஜான் ஹன்டர் மூளை அலைகளைப் பார்க்க 2003-இல் எழுதியது. முப்பரிமாணப் படத்துக்கு மாயாவி இருக்கிறது. அதைத் தொடங்கிய பிரபு ராமச்சந்திரன் அப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர். பேரைப் பாத்தாலே நம்மூர்ச் சரக்குன்னு தெரியுதுல்லா?

நிறத்திலும் கவனம் வேணும். நம்ம கிருஷ்ணாபுரம் புவிக்காந்த ஆய்வகத்தில் 1992 முதல் ரேடார் வைத்து மேல்வானக் காற்றை அளந்திருக்கிறார்கள். உயரம் ஒரு அச்சு, நேரம் ஒரு அச்சு, வேகத்துக்கு நிறம். அதற்கு வானவில் நிறங்களைப் போட்டால், மஞ்சள் முடிகிற இடத்தில் இல்லாத எல்லை ஒன்று இருப்பது போலத் தெரியும். அதனால்தான் மேட்பிளாட்லிப் 2017-இல் அந்த வானவில்லைக் கைவிட்டு, ஒரே சீராக வெளுக்கும் விரிடிஸ் நிறங்களுக்கு மாறியது.

இன்னொண்ணு: வரைபடத்தை ஜேபெக்கில் சேமிக்காதீங்க, அச்சில் எழுத்து கலங்கும். பி.டி.எஃப். போதும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில்தான் இருப்பேன். ரெக்கார்டு நோட்டோடு வாங்க.