வீட்டுக்குள் இருந்தபடி



2020 ஜூலை 17. கோட்டுகாலை ஒட்டிய கடற்கரை ஊரான புல்லுவிளையிலும், வடக்கே பூந்துறையிலும் கொரோனா சமூகப் பரவலாகிவிட்டது என்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். கரையோரம் முழுக்க அடைப்பு. வள்ளம் கடலில் இறங்கவில்லை, சந்தை கூடவில்லை, ஜனங்கள் கூடும் பூசையும் இல்லை. நெய்யாற்றின்கரை முதல் பாறசாலை வரை வீட்டுக்கு வீடு குடும்ப ஜெபம்தான் ஆராதனை. வாசலைத் தாண்ட முடியாதவர் தம் விசுவாசத்தை அடுத்தவருக்கு எப்படிச் சொல்வது என்று அன்று பலரும் கேட்டார்கள். போன் இருக்கிறதே, வசனங்களை அனுப்பலாமே என்பது உடனே கிடைத்த பதில். இதற்குப் பழைய பதில் ஒன்றும் இருக்கிறது.

பவுல் ரோமாபுரியில் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் காவலில் இருந்தார். ஊர் ஊராக நடந்தும் கப்பலேறியும் பிரசங்கித்தவருக்குத் தெருவில் இறங்கவும் உத்தரவில்லை. சங்கிலியும் காவலுக்கு ஒரு போர்ச்சேவகனும்தான் துணை. ஆனால் தேடி வந்தவர்கள் எல்லாரையும் அவர் வரவேற்றார். எஜமானனை விட்டுப் பிரிந்த அடிமை ஒநேசிமுவைக் காவலில் இருந்தபோதுதான் மகனாக ஏற்றார். கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தை அவர் அங்கிருந்தே எழுதினார் என்பது மரபு. அதன் கடைசி வாழ்த்தைத் தன் கையாலேயே எழுதி, தன் விலங்கை நினைத்துக்கொள்ளும்படி கேட்கிறார்.

இனி நம் பக்கம் வருவோம். பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் தாண்டி நாகர்கோவில் சாலையில் போனால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். கைதியாக வந்தவர், திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்து, இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார்.

அவரோடு பழகியவர் நட்டாலம் நீலகண்ட பிள்ளை, அரசாங்க உத்தியோகஸ்தர். பொருளும் கால்நடையும் நஷ்டமாகி, பிள்ளை மனம் உடைந்திருந்த நேரம் அது என்று சொல்வார்கள். டிலனாய் வாதம் பண்ணவில்லை. உன் தெய்வம் பெரிதா, என் தெய்வம் பெரிதா என்று கேட்கவில்லை. எல்லாம் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். சொன்னவரும் ஊரையும் உறவையும் இழந்தவர்தானே. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

1749-ல் அவரும் கைதானார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியது அவர் பேரில் வந்த பகைக்கு ஒரு காரணம். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தபோது ஜனங்கள் அவரைத் தேடி வந்து தங்கள் குறையைச் சொன்னார்கள் என்கிறது ஊர் வழக்கு. ஆறுதல் தேவைப்பட்ட நிலையில் இருந்தவரிடமே ஆறுதல் கேட்டு வந்தார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இவர்கள் யாரும் கேட்பவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பக்கத்தில் யார் இருந்தாரோ அவரோடு பேசினார்கள். பேசும் முன் அவர் துக்கத்தைக் கேட்டார்கள். ஆசை காட்டவோ பயமுறுத்தவோ அவர்களிடம் எதுவும் இல்லை. அடைபட்டவரின் சாட்சிக்கு இருக்கும் பலமே அதுதான்.

அந்த 2020 ஜூலையிலேயே பூந்துறையில் சுகாதாரப் பணியாளர்களைக் கோபத்தில் மறித்த ஜனங்கள், சில நாளில் அவர்களைப் பூத்தூவி வரவேற்றார்கள். அடைபட்டவர்கள் தேடி வந்தவர்களை வரவேற்ற அதுவும் சாட்சிதான்.

நோயாலோ முதுமையாலோ இன்றும் வீட்டோடு இருப்பவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலரே அப்படி இருக்கலாம். நூறு பேருக்கு வசனம் அனுப்புவது இருக்கட்டும். மருந்து கொண்டுவரும் பெண்ணிடம் அவள் பிள்ளையின் படிப்பை விசாரியுங்கள். பால் ஊற்ற வருபவரிடம் அவர் அம்மாவின் முட்டுவலி எப்படி என்று கேளுங்கள். உங்களைத் தாங்கி நிறுத்துவது எது என்று அவர்களாகக் கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் குறையொன்றுமில்லை, நாளைக்கும் அவர்கள் வரத்தான் போகிறார்கள்.